நாலாவது ஆள்

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் பெரிய காடு ஒன்று இருக்கிறது. பேர் பெற்ற தேசியப் பூங்கா. அதற்கு வழிகாட்டும் பலகையில் சிறுத்தை ஒன்று ஆளை விழுங்குகிற மாதிரி வாயைப் பிளந்து நிற்கும். நம் கதை நடக்கிற பூங்காவுக்கும் ஒரு பலகை உண்டு. அதில் வரைந்த மான், வெயிலிலும் மழையிலும் சாயம் போய் ஆடு மாதிரி ஆகிவிட்டது. ஆட்டைப் பார்க்க யார் வண்டியைத் திருப்புவார்கள்? பேருந்துகள் எல்லாம் நேராகப் போய்விடும். இந்தப் பக்கம் திரும்புகிறவர்களிலும் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருவார்கள்.

அந்தப் பூங்காவின் வாசலில் ஒரு அம்மாள் டீக்கடை வைத்திருந்தாள். தகரக் கூரை, ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு, ஈ வராமல் இருக்கப் பின்பக்கம் ஒரு வலைக் கதவு. புருஷன் பூங்கா வண்டியின் டிரைவர். டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், வண்டி ஓட்டுவதும் அவர்தான், இது இன்ன மரம், அது இன்ன பறவை என்று சொல்வதும் அவர்தான். உள்ளே யாரும் நடந்து போகக் கூடாது. வண்டியில்தான் போக வேண்டும். அந்த வண்டியையும் நாலு பேருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மனுஷனைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போகவும் நாலு பேர் வேண்டும், இந்தக் காட்டைப் பார்க்கவும் நாலு பேர் வேண்டும் என்று டிரைவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேராகத்தான் வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை. இல்லையென்றால் மூன்று சிநேகிதர்கள். திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. கடைப் பக்கம் திரும்பி ஒரு கை தட்டுவார். இவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வருவாள். நாலாவது டிக்கெட் அவள் பேரில் கிழியும். கடைசி சீட்டில், ஜன்னலோரம் போய் உட்காருவாள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் அவளுக்கு 'நாலாவது' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "நாலாவது, ஒரு டீ போடும்மா" என்றால் அவளும் "இந்தா" என்று போட்டுக் கொடுப்பாள்.

போவதில் அவளுக்கு ஒரு லாபம் இருந்தது. வீட்டில் அந்த மனுஷர் உப்பில்லை என்றுகூட வாயைத் திறந்து சொல்ல மாட்டார். வண்டியில் ஏறிவிட்டால் போதும், வாய் ஓயாது. நீர்நாய் குட்டிக்கு நீச்சல் பழக்குகிற கதை, காட்டுப்பன்றி துரத்திய கதை, இல்லாத கரடிக்கு ஒரு கதை. அந்தக் காட்டில் கரடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கரடிப் பாறை வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவாள். கட்டிக்கொண்டவரின் குரலைக் கேட்க அவளுக்கு அங்கேதான் வழி.

ஒரே ஒரு குறை. பாதையின் கடைசியில் ஏரி இருந்தது. அங்கே மட்டும் இறங்கலாம். வண்டி வெட்டவெளியில் நிற்கும். எதிரே அடர்ந்த தோப்பு. அதற்குள் கொஞ்சம் நடந்தால் ஏரிக்கரையில் ஏறி நின்று பார்க்க ஒரு மரப்பரண் இருக்கிறது என்று சொல்வார்கள். முதல் தடவை போனபோது அவளும் மற்றவர்களோடு படியில் ஒரு காலை வைத்தாள்.

"நீ இரு. பையெல்லாம் கெடக்கு, பாத்துக்க" என்றார் புருஷன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் சொல்லவும் இல்லை, அவள் காலை வைக்கவும் இல்லை. வருகிறவர்களும் தாமாகவே பைகளை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தோப்புக்குள் போய் மறைவார்கள். கொஞ்ச நேரத்தில் "அடேயப்பா!" என்று ஒரு குரல் வரும். அவர் என்னவோ சொல்வது கேட்கும், எல்லாரும் சிரிப்பது கேட்கும். இவள் ஜன்னல் வழியாகத் தோப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருட்டாக இருக்கும், ஒன்றும் தெரியாது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்கினால் அது கொடுத்த மாதிரி ஆகுமா? 'வாயேன், நீயும் பாரேன்' என்று அவராகச் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். சொல்லாததற்குக் காரணத்தையும் அவளே தயார் செய்து வைத்திருந்தாள். வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு உலகமே மறந்துபோகும். தோப்புக்குள் போன பிறகு வண்டி எங்கே கண்ணில் படப் போகிறது, பெண்டாட்டி எங்கே ஞாபகம் வரப் போகிறாள்? அவர் மேல் தப்பில்லை. இப்படி நினைத்துக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. புது டிரைவர் வந்தான். நல்ல பையன்தான், ஆனால் கண் எப்போதும் கைபேசியில், மனசு எப்போதும் பெரிய காட்டுக்கு மாற்றல் வாங்குவதில். மூன்று பேர் வந்தால், "நாலு பேர் வேணும் சார்" என்று கையை விரித்துவிடுவான். அவன் கூப்பிடவும் இல்லை, அவளுக்கு ஏறவும் பிடிக்கவில்லை. பேச்சுச் சத்தம் இல்லாத வண்டியில் ஏறி என்ன செய்வது? சாயங்காலம் அவனும் பூங்காக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டால், டம்ளர் கழுவுகிற சத்தம் ஒன்றுதான் அவளுக்குத் துணை. சில நாள் வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுவாள்.

டவுனில் இருக்கிற மகன் விடாமல் நச்சரித்தான். "அங்க யாரும்மா இருக்காங்க உனக்கு? ஈ ஓட்டிக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்க? கிளம்பி வா." கடைசியில் அவளும் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொன்னான். போனை வைத்த பிறகுதான் அவளுக்குச் சுரீர் என்றது. போனால் போனதுதான், திரும்பி வரப் போவதில்லை. இத்தனை வருஷம் பூங்கா வாசலில் இருந்துவிட்டு ஏரியைப் பார்க்காமலா போவது? யாராவது கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

வண்டி கிளம்பினால் தானும் ஒரு டிக்கெட் வாங்கி ஏறிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். ஆனால் அந்த வாரம் பார்த்து ஒரு ஈ, காக்காகூட வரவில்லை. வந்த ஒரு கிழவர் பலகையில் ஆடு மாதிரி ஆகிவிட்ட மானைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழி தவறி வந்த ஒரு லாரிக்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். சனிக்கிழமையும் பாதி கழிந்துவிட்டது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. ஒரு புருஷன், பெண்டாட்டி, பெண்டாட்டியின் தம்பி. பெரிய காட்டில் டிக்கெட் தீர்ந்துபோய்விட்டதாம். வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று வந்தவர்கள்.

"மூணு பேருக்கு எடுக்க முடியாது சார். ரூல்ஸ்" என்றான் டிரைவர்.

"அப்பவே சொன்னேன், வீட்டுக்குப் போயிரலாம்னு" என்று அந்தப் பெண் காரைப் பார்த்துத் திரும்பினாள்.

"இருங்கம்மா!" கடையிலிருந்து குரல் வந்தது. "நான் வர்றேன். எனக்கு ஒரு டிக்கெட் கிழிப்பா."

டிரைவர் சிரித்துவிட்டான். "நீங்களா? காலமெல்லாம் இங்கயே இருந்துட்டு இன்னும் என்ன பாக்கப் போறீங்க?"

"அது என் பாடு. நீ கிழி."

வண்டி போனது. டிரைவர் வாயைத் திறக்கவில்லை. கரடிப் பாறை வந்தது, போனது. இவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து, அந்த இடத்தில் வர வேண்டிய பேச்சை மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். முன்சீட்டில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஏரி வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அந்தப் பெண் தன் கைப்பையையும் சாப்பாட்டுக் கூடையையும் இவள் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பாத்துக்குறீங்களாம்மா?"

கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். மடியில் பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ முன்பின் தெரியாதவளுக்குக்கூடத் தன்னைப் பார்த்தால் பை வைக்கிற இடமாகத்தான் தெரிகிறதா? முகமெல்லாம் சூடாகிவிட்டது. விறுவிறுவென்று முன்னால் போய்க் கூடையையும் பையையும் டிரைவர் மடியில் இறக்கினாள்.

"நீ பாத்துக்கப்பா. நான் போயிட்டு வர்றேன்."

அவன் பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். தோப்புக்குள் குளிர்ச்சியாக இருந்தது. ஈரமான மண், உதிர்ந்த இலை. பரணின் படிகளில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஏரி பெரிதாகத்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். நடுவில் நாணல் திட்டு, அதில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். கரையோரத்தில் நீர்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கியது. அவர் இட்டுக்கட்டவில்லை, நீர்நாய் நிஜம்தான். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. போகட்டும், பார்த்தாயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, படி எங்கே என்று திரும்பினாள்.

வண்டி தெரிந்தது.

மரங்களுக்கு நடுவில், வெயிலில், முழுசாகத் தெரிந்தது. கடைசி சீட்டும் அதன் ஜன்னலும் பளிச்சென்று தெரிந்தன. சாய்மானத் துணியின் கிழிசல்கூடத் தெரிந்தது. கடைக்குள் வலைக் கதவுக்குப் பின்னால் நின்றால் ரோட்டில் போகிறவர் முகம் தெரியும், ரோட்டில் இருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும். இங்கே நின்றுதான் அவர் கரடிக் கதையும் நீர்நாய்க் கதையும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவள் அந்த ஜன்னலில், பைகளைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மறந்துபோகவில்லை. பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கூப்பிடாமல் இருந்திருக்கிறார்.

அவர் செத்தபோதுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"அம்மா, ஏரி இந்தப் பக்கம்!" என்றான் அந்தத் தம்பி, சிரித்துக்கொண்டே. அவள் பரணின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரே பேச்சு. அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். அவள் பின்னால் திரும்பிக் கேட்டாள்: "எவ்வளவு அழகான இடம்! ஏம்மா இங்க யாருமே வர்றதில்ல?"

நாலாவது ஆள் வெளியே பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"கூப்பிட்டாத்தானே வருவாங்க."