எட்டாம் நம்பர் வயர்

பட்டறையில் எல்லோரும் அவளை அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பொறுப்பில் இருந்தது சமையல் அடுப்பு இல்லை. வெல்டிங் வயர்ச் சுருள்களை ஈரம் படாமல் கதகதப்பாக வைத்திருக்கும் ஆளுயர இரும்புப் பெட்டி. கிரேனில் கொக்கி மாட்டுகிறவர் தினமும் காலையில் அவள் அறைச் சன்னலுக்குள் தலையை நீட்டி, "என்னக்கா, சோறு வெந்துருச்சா?" என்பார். "வெந்துருச்சு, தட்டு கொண்டா" என்பாள் அவள். இத்தனைக்கும் அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

பத்தொன்பது வருடமாக அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் அவள் இருந்தாள். கல்யாணம் இரண்டே வருடத்தில் முறிந்துபோக, தம்பி வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். தம்பியும் அதே பட்டறையில் வெல்டர். நல்ல கைவாகு என்று பெயரெடுத்தவன்.

அவளிடம் இரண்டு வகை வயர் இருந்தது. இரண்டுமே உள்ளே பொடி அடைத்த மெல்லிய குழல்தான். அந்தப் பொடி ஈரத்தைக் குடித்துவிட்டால், பற்றவைக்கும்போது ஹைட்ரஜன் பிரிந்து இரும்புக்குள் புகுந்துகொள்ளும். அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே உள்ளுக்குள் விரிசல் விடும். தகடு தடிக்கத் தடிக்க ஆபத்தும் கூடும். நாலாம் நம்பர் வயரில் அந்த வாயு மிகக் குறைவு. தடித்த தகட்டுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். எட்டாம் நம்பர் மெல்லிய தகட்டுக்கு. எதற்கு எது என்ற அட்டவணை அவள் தலைக்கு மேலே தொங்கியது. அவளுக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

ஆனால் நாலாம் நம்பர் முரட்டு வயர். பொறி பறக்கும், புகை கண்ணைக் கரிக்கும். எட்டு வெண்ணெய் மாதிரி ஓடும்.

ஒரு வாரமாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தம்பி சன்னலுக்கு வந்தான். பாலத்துக்கான பெரிய இரும்பு உத்தரம் ஒன்று வேலை முடியும் தறுவாயில் இருந்தது. அதைத் தூக்குவதற்காக, துளையிட்ட தடித்த தகடுகள் நாலை அதன் முதுகில் வெல்டிங் வைக்க வேண்டும்.

"அக்கா, எட்டு குடு."

"தகடு எத்தன மில்லி?"

"அம்பது. தூக்கி வண்டியில வெச்சதும் அறுத்து எறியப் போற தகடுதானே?"

"அம்பதுக்கு நாலுதான்டா."

"தெரியும்கா. மூலைக்குள்ள தலைய விட்டு அடிக்கணும். நாலாம் நம்பர் மூஞ்சியிலயே துப்புது. இங்க பாரு." சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். கழுத்தைச் சுற்றிப் புதுசும் பழசுமாகத் தீப்புண்கள். "இந்த ஒரு தடவ."

பெட்டியில் எட்டாம் நம்பர் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையே உறையைப் பிரித்து, மூன்று நாள் வெளியே கிடந்து, அன்று காலையில்தான் திரும்பி வந்திருந்தது. பெட்டிச் சூட்டில் காய்ந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"தகட்டுக்கு நல்லா சூடு காட்டிட்டு அடி" என்று சொல்லிக் கொடுத்தாள். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: எட்டு, பிரித்தது வெள்ளி.

உத்தரத்தின் முக்கிய இணைப்புகளை இரண்டு நாள் பொறுத்துச் சோதனை செய்வார்கள். தூக்கும் தகடுகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை கிரேன் உத்தரத்தைத் தூக்கியது. ஆள் உயரம்கூடப் போயிருக்காது. ஒரு தகடு வேரோடு பிய்த்துக்கொண்டது. உத்தரத்தின் ஒரு முனை சரிந்து விழுந்தது. கொக்கி மாட்டுகிறவர் அந்த முனையில்தான் நின்றிருந்தார்.

விசாரணை அதிகாரிகள் வருவதற்குள் பட்டறைப் பொறுப்பாளர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"எட்டுன்னு எழுதியிருக்கே. அத நாலுன்னு திருத்திடும்மா. உன் மேல ஒண்ணும் வராது."

"அப்ப தப்பு யாரோடது சார்?"

"சூடு காட்டலன்னு வரும். வெல்டர் தப்புன்னு போயிடும்." சொல்லிவிட்டுத்தான் வெல்டர் யார் என்பது நினைவுக்கு வந்தவர் போல வேறு பக்கம் பார்த்தார்.

தம்பி வீட்டுப் படியில் கவிழ்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சூடு காட்டினியா?"

"பாதி காட்டினேன். சாரல்ல பர்னர் அணைஞ்சு அணைஞ்சு போச்சு." பொறுப்பாளர் சொன்னதை அவள் சொன்னதும், "திருத்திடுக்கா. ரெண்டு பேரும் உள்ள போறதுக்கு நான் ஒருத்தன் போறேன்" என்றான்.

அவள் திருத்தவில்லை. பதிவேட்டை அப்படியே அதிகாரியிடம் கொடுத்து, "அட்டவணை எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

பதினாலு மாதம் உள்ளே இருந்தாள். தம்பிக்குத் தண்டனை இல்லை. ஆனால் வெல்டர் சான்றிதழைப் பறித்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் வேறு கிளைக்கு மாறிப் போனார்.

வெளியே வந்த மூன்றாம் நாள், இறந்தவரின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசித் துணியையும் கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"அந்த வயர் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் குடுத்தே?"

"தம்பி கேட்டான். கழுத்தெல்லாம் புண்ணா இருந்துச்சு."

அந்தப் பெண் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அவரு உன்னப் பத்தி வீட்ல சொல்லுவாரு. அந்த அக்கா கையெழுத்து இல்லாம ஈயக்கூட வெளிய விடாதுன்னு." வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

இப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடிக்கிறாள். அங்கே யாரும் அவளை அக்கா என்பதில்லை. தம்பி லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் மாடி ஏறி வந்து, "சாப்ட்டியா?" என்று கேட்பான். "ம்" என்பாள். அவன் இறங்கிப் போய்விடுவான்.