ஒரு வீட்டுக்கு ஒரு கூறு

பிரித்து விரித்த ஓர் உரச் சாக்குதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில் படகு வந்து நிற்கும் இடத்தில், ஈர மணல்மேல் அதை விரிப்பார் படகுக்காரர். அன்றைக்குத் தூண்டிலில் கிடைத்த மீனையெல்லாம் கொட்டிக் கூறு வைப்பார். பெரிய பாறை மீன் விழுந்த கூறில் பொடிமீன் குறையும். கெளுத்தியாகச் சேர்ந்துவிட்ட கூறில் இரண்டு கிழங்கான் கூடும். எல்லாம் சமமாக வந்ததும் என் மாமனார் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, சாக்குக்கு முதுகைக் காட்டி நிற்பார். படகுக்காரர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். மாமா பார்க்காமலே யாரையாவது சொல்வார். சொன்னது சொன்னதுதான். யார் தூண்டிலில் விழுந்த மீன், யார் நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. படகுக்கு ஒரு கூறு, பிறகு வீட்டுக்கு ஒரு கூறு. தலைக்கு ஒன்று கிடையாது. படகில் எங்கள் கூட்டாளியான பாய் ஒருமுறை, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து தன் வீட்டில் தங்கியிருந்த மச்சானை அழைத்து வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கூறுதான் விழுந்தது. ஒரே உலையில் கொதிக்கப் போகிற மீனுக்கு எதற்கு இரண்டு பங்கு என்பது அவர்கள் கணக்கு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வைத்த பிள்ளை. என் மனைவி சிதம்பரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுடைய அப்பா பல்கலைக்கழக அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து, அண்ணாமலை நகரிலேயே வீடு கட்டிக்கொண்டவர். நாங்கள் இரண்டு பேரும் அங்கே படித்தபோது பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மாமா கூச்சல் போடவில்லை. ஆள் வைத்து மிரட்டவில்லை. "அவளுக்கு இனிமே இங்க வூடு இல்ல" என்று ஒரே வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால்கூட நாலு நாளில் அடங்கியிருக்கும். சத்தமே போடாதவர்களின் கோபம் இருக்கிறதே, அது லேசில் ஆறாது. என் மனைவி வேலைக்குப் போனாள், சிரித்தாள், என்னோடு சண்டை போட்டாள், எல்லாம் செய்தாள். ஆனால் சிதம்பரம் என்று போர்டு போட்ட பஸ் எதிரே வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷர் மேல் பற்றிக்கொண்டு வரும்.

பரங்கிப்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருந்த பாய் ஏதோ வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். பாதி வயதை வெளிநாட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் சேர்ந்து படகை வாடகைக்கு எடுத்து முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறோம், ஒருத்தருக்கு மாற்றலாகிவிட்டது, நீங்கள் வாருங்கள் தம்பி என்று ஒருநாள் கூப்பிட்டார். எனக்குத் தூண்டிலும் தெரியாது, படகு ஆடினால் வயிற்றைப் புரட்டும் என்றேன். அதைக் காதில் வாங்காமல், இன்னொரு பங்காளி அண்ணாமலை நகர் சூப்பிரண்டு சார்தான் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஆள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பூசைக்கு வராமல் மீன் பிடிக்கப் போகிற பிள்ளையைப் பற்றி என் அம்மா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கரையில் என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் கல்லாகிவிட்டது. "பாய், இது நல்லால்ல" என்றார். தண்ணீர் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டும் சார் என்று பாய் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மாமா முன்பக்கம் போய் உட்கார்ந்தார், நான் பின்பக்கம். நடுவில் பாய். அன்று முழுக்க என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், அப்போதும் திரும்பவில்லை. கரைக்கு வந்து நாலு கூறு வைத்தார்கள். பாய்க்கு, படகுக்கு, எங்க வீட்டுக்கு என்று மூன்றை மாமா மளமளவென்று சொல்லிவிட்டார். மீதி இருப்பது என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, படகுக்காரர் தொட்டுக் கேட்டார். மாமா ஆற்றைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, "கடலூருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேர் சொல்ல வாய் வராவிட்டால் போகட்டும், நான் என்ன பஸ் ஸ்டாண்டா, ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு? மீன் பையை வீட்டு வாசலில் போட்டுவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கத்தினேன். என் மனைவி மீனைப் பார்க்கவே இல்லை. "அப்பா என்ன சட்ட போட்டிருந்தாரு?" என்று கேட்டாள். நீலக் கட்டம் போட்டது, அரைக்கை என்றேன். காலர் நைந்திருந்ததா என்றாள். நான் கவனிக்கவில்லை. சவரம் செய்திருந்தாரா, இருமினாரா, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தாரா? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் அதற்குமேல் கேட்காமல் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி படகேறினேன். மீனுக்காக இல்லை, அந்தக் காலரைப் பார்ப்பதற்காக.

அப்படி ஒரு வருஷத்துக்கும் மேல் போனேன். வாரம் தவறாமல் எனக்குக் "கடலூருக்கு" என்று ஒரு கூறு விழுந்தது. நடுவில் மாமாவிடம் ஒரு மாற்றம் வந்தது, ஆனால் நேராக வரவில்லை, பாய் வழியாக வந்தது. கடலூரில் வெயில் ஜாஸ்தியா என்று பாயிடம் கேட்பார். பாய் என் பக்கம் திரும்பி, வெயில் ஜாஸ்தியான்னு கேக்குறாரு தம்பி என்பார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்பேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி, ஆமாமாம் சார் என்பார். காலை நீட்டினால் ஒருத்தர் கால் இன்னொருத்தர் மேல் படுகிற படகு அது. படகுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொள்வார். பாவம் பாய், ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. எனக்கும் மெல்ல மெல்ல அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. ஆபீசில் அத்தனை பேரை ஆட்டிவைத்தவர் தூண்டில் விஷயத்தில் படுமோசம். மீன் கொத்தும்போது பாயிடம் பேசிக்கொண்டிருப்பார், போன பிறகு இரையாகக் கோத்த இறாலைத் திட்டுவார். ஃபிளாஸ்கைத் திறந்தால் முதல் டீ படகுக்காரருக்குத்தான். இதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் நடித்துக் காட்டுவேன். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். சில நாள் சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது.

பிறகு அந்த நாள் வந்தது. முகத்துவாரத்தை ஒட்டி நின்றிருந்தோம். என் தூண்டிலில் ஒரு கொடுவா மீன் மாட்டியது. இழுத்துக்கொண்டு படகுக்கு அடியிலேயே குறுக்கே ஓடி, மாமாவின் தூண்டில் நரம்பையும் சுற்றிக்கொண்டு போயிற்று. படகுக்காரர் எப்படியோ மீனை அள்ளி உள்ளே போட்டுவிட்டார். ஆனால் இரண்டு நரம்பும் சேர்ந்து பெரிய சிக்கலாகிக் கிடந்தது. வெட்டி எறிந்துவிடலாமா சார் என்று அவர் கத்தியை எடுத்தார். "வெட்ட வேணாம்" என்றார் மாமா. ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். வழக்கம்போல நான் பாயைப் பார்த்தேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீங்களே பார்த்துக்குங்க என்று பாய் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். விடு என்றார், விட்டேன். இழு என்றார், இழுத்தேன். என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். சிக்கல் பாதி பிரிந்திருக்கும்போது, நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவ எப்டி இருக்கா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "நல்லா இருக்கா மாமா. நான் திரும்பிப் போனா மீன்கூட பாக்க மாட்டா. அப்பா என்ன சட்ட போட்டிருந்தாருன்னுதான் கேப்பா. வாரா வாரம் அதான்" என்றேன். மாமாவின் கை நின்றுவிட்டது. குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். நெஞ்சுக்கு நேரே ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, "பட்டன் போனத சொல்லிடாத" என்றார். அவ்வளவு பெரிய மனுஷர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மிச்சச் சிக்கலையும் பிரித்துவிட்டுக் கரைக்குத் திரும்பினோம்.

கரையில் சாக்கு விரிந்தது. கொடுவாவைத் துண்டு போட்டுச் சேர்த்து, படகுக்காரர் நாலு கூறு வைத்தார். மாமா அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வழக்கம்போல ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். படகுக்காரர் ஒரு கூறைக் கலைத்து மற்ற மூன்றில் போட்டார். எனக்குச் சுரீர் என்றது. பாய்க்கு, படகுக்கு, எங்க வீட்டுக்கு. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கடலூர் இல்லை. வீட்டுக் கதையை நாலு பேர் நடுவில் எடுத்ததற்குத் தண்டனை, இனிமேல் வராதே என்று ஊரறியச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஒரு கூறு என்ற வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அது எனக்கும் பொருந்தும் என்று அந்த நேரத்தில் எப்படித் தோன்றும்? காலிப் பையைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியைப் பார்த்து நடந்தேன். என் மனைவியிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறேன் என்பதுதான் மனசு முழுக்க இருந்தது.

"எங்க போற?" என்று பின்னால் குரல் கேட்டது. மாமா மீன் பையோடு மணலில் வேகமாக வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. "ஒரே வூட்டுக்கு எதுக்கு ரெண்டு கூறு? நீ போயி அவளக் கூட்டிக்கிட்டு வா. கொழம்பு கொதிக்கறதுக்குள்ள வந்துடுங்க."

நான் நடுவழியில் வண்டியை நிறுத்தி அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அன்றைக்கு மத்தியானம் அண்ணாமலை நகரில் அத்தை பரிமாற, ஒரு கூறு மீனை நாலு பேர் சாப்பிட்டோம். ஆளுக்குக் குறைவாகத்தான் வந்தது. மாமா தன் இலையிலிருந்த கொடுவாத் துண்டை எடுத்து மகள் இலையில் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி ஊசி நூல் கேட்டாள். பொத்தான் விஷயத்தை நான் சொல்லவில்லை, அவளே பார்த்துவிட்டாள். மாமா மட்டும் இன்றுவரை நம்பவில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆறு மாதம் முன்பு அவரையும் அத்தையையும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். படகுக்கு இன்னமும் போகிறேன், பாயும் வருகிறார். கூறு சொல்லும் வேலையை மாமா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. செல்போனில் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் அந்த நீலக் கட்டம் போட்ட பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வாராம். கரைக்கு வந்து நாங்கள் கூப்பிட்டதும், நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாராம். அங்கிருந்து எந்த மீன் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று என் மனைவி கேட்டால், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல என்று அதட்டுவாராம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் சாக்கை விரித்து மூன்று கூறு வைத்தார் படகுக்காரர். போனை பாய் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முதல் கூறு படகுக்குப் போனது, அடுத்தது பாய்க்கு. மிச்சம் ஒன்றுதான். இத்தனை வருஷமாக அதற்கு ஒரே பதில்தான், எங்க வீட்டுக்கு. ஆனாலும் படகுக்காரர் தொட்டுக் கேட்டார்.

"இது யாருக்குங்க சார்?"

போனில் எங்கள் வீட்டு மிக்சி ஓடுவது கேட்டது.

"கடலூருக்கு" என்றார் மாமா. "சீக்கிரம் வரச் சொல்லுங்க பாய், இங்க எல்லாரும் பசியோட இருக்கோம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் குனிந்து மீனைப் பையில் அள்ளினேன்.