அணையாமல் ஓடிய கம்ப்யூட்டர்

போன வாரம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறதாம். அங்கே வேலை பார்க்கும் பெண் திரையில் ஒரு எண்ணைக் காட்டி, "சார், பிராசசர் தொண்ணூத்தாறு டிகிரி காட்டுது, முட்டை அவிச்சிரலாம் போலிருக்கே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து சிபியுவை வெளியே இழுப்பதற்குள்ளேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. பழைய தலையணையை வெயிலில் போட்டுத் தட்டினால் வருமே, ஏறக்குறைய அது. பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே தள்ளும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். பிரஷ்ஷால் தட்டி, சூடு கடத்துவதற்காகப் பிராசசர் மேல் தடவும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து மாட்டினேன். ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பெண் டீ சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு டீ இறங்காது.

தூசி என்றால் அது ஒரு தூசியா? தறி ஓடுகிற வீட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவனிடம் கேளுங்கள். இருபத்து மூன்று வயதில் ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு 'ஹார்டுவேர் இன்ஜினியர்' என்று கார்டு அடித்து வைத்துக்கொண்டு, இதே சங்கரன்கோவிலில் பழைய மோட்டார் பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். கார்டில் என் பெயரை விட இன்ஜினியர் என்பதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. அப்போது எனக்குக் கிடைத்த வாடிக்கையாளர்களில் ஒருவர்தான் செல்வி அக்கா.

செல்வி அக்கா பதினெட்டு வருடம் தறியில் நின்றவர். இருமல் விடாமல் வந்து, டாக்டர் இனி தறிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா டைப்ரைட்டிங் படித்திருந்தார். வீட்டுக்காரர் முருகையா அண்ணாச்சி யோசித்து, முன் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். சாதிச் சான்றிதழ், வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று அக்கா தட்டிக் கொடுப்பார். ஆனால் பாருங்கள், நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணாச்சியின் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. பஞ்சுத் தூசிக்கு டாக்டர் சொன்னது எப்படித் தெரியும்?

சித்திரை பிறந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தது. முதலில் எல்லாரையும் போல நானும் கரெண்டைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் திறந்து பார்த்தேன். விசிறிக்கு அடியில் வெள்ளையாக ஒரு மெத்தையே விரித்திருந்தது. அதைப் பிய்த்து எடுத்து அக்காவிடம் காட்டினேன். வாங்கி, விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வருசத்துல இம்புட்டா? அப்பம் எனக்குள்ள எம்புட்டுலே கெடக்கும்?"

நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். இருபத்து மூன்று வயதில் எதற்கெல்லாம் சிரித்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சுத்தம் செய்து கொடுத்தால் பத்து நாள் தாங்கும். மூடியைக் கழற்றிப் போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். பஞ்சு இன்னும் தாராளமாக உள்ளே போனது. அப்போதுதான் இன்ஜினியர் மூளை வேலை செய்தது. காற்று போகிற ஓட்டைகளில் எல்லாம் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டினேன். பஞ்சு நின்றுவிட்டது, காற்றும் நின்றுவிட்டது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்தது. அக்காதான் அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டார்.

"மூக்குல சேலையக் கெட்டிக்கிட்டு நான் நின்னுருக்கேன்லே. மூச்சு முட்டும். இதுக்கு மட்டும் முட்டாதா?"

அந்த வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் அக்கா போன் செய்தார். கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், அரசுத் தேர்வுக்கு இன்டர்நெட்டில் அனுப்ப வேண்டிய விண்ணப்பம், அன்றைக்கு ஐந்து மணியோடு கடைசி. பாதிப் பக்கம் போவதற்குள் அணைந்துவிடுகிறது. ஊரில் இருந்த மற்ற சென்டர்களில் எல்லாம் வாசல் வரை கூட்டம். நான் போனபோது அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே தறிச் சத்தத்தில் பேசுவதைக் கத்தித்தான் பேச வேண்டும். திறந்து, துடைத்துப் பார்த்தேன். என் பையில் பேஸ்ட் தீர்ந்திருந்தது. வாங்க வேண்டும் என்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும்.

மணி மூன்றரை. எனக்கு ஒரு வழி தெரியும். அந்தக் காலத்து மதர்போர்டுகளில், இத்தனை டிகிரியைத் தாண்டினால் அணைந்துவிடு என்று ஒரு எல்லை வைத்திருப்பார்கள். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அதற்கு இருந்த ஒரே வழி அதுதான். செட்டிங்குக்குள் போய் அந்த எல்லையை எடுத்துவிட்டேன். சூடானால் பீப் பீப் என்று கத்துமே, அதையும் நிறுத்திவிட்டேன்.

நாலரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். அக்கா, "கெட்டிக்காரன்லே நீ" என்றார். நாளைக்கே பேஸ்ட் வாங்கி வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் சிவகிரியில் ஒரு வேலை வந்தது. அடுத்த நாள் வேறு ஒன்று. கம்ப்யூட்டர் ஒரு தடவை கூட அணையவில்லை என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அது மறந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் அது ஒரேயடியாக நின்றது. திறந்தபோது கருகிய நாற்றம் அடித்தது. கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்திருந்தன, பிராசசரும் போயிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்று, "சரியாக்கிரலாம்லா?" என்று கேட்டார். இன்னொன்று வாங்க அவர்களால் ஆகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லை என்றால் அக்கா எங்கே போய் நிற்பார் என்பதும் தெரியும்.

"கரெண்டு ஏறி எறங்குனதுல போயிருச்சுக்கா" என்றேன்.

"பாழாப்போற கரெண்டு" என்றார் அக்கா. அடுத்த மாதமே தறிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தெருவழியாக நான் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போக அதுதான் குறுக்கு வழி, ஆனாலும் சுற்றிக்கொண்டே போனேன். இதே ஊரில் இருந்துகொண்டு ஒரு தெருவை மட்டும் தவிர்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. இப்போது வரும் போர்டுகள் அந்த எல்லையை எடுக்கவே விடுவதில்லை. நல்லதுதான். ஆட்களை நம்பி விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

ஆடிட்டர் ஆபீஸில் இருந்து திரும்பும்போது வண்டி தானாகவா அந்தத் தெருவுக்குள் திரும்பியது? நான்தான் திருப்பினேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். முன் அறையில் கம்ப்யூட்டர் மேஜையும் இல்லை, விலைப்பட்டியல் எழுதி ஒட்டிய அட்டையும் இல்லை. முருகையா அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்திருந்தார். அக்கா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். நெஞ்சுச் சளி என்றார்.

"உன்ன ஒரு சொல்லு கொற சொன்னது கெடையாது தம்பி. கடைசி வரைக்கும் அந்தக் கரெண்டத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தா. கரெண்டு மட்டும் ஒழுங்கா வந்திருந்தா நான் எதுக்குத் தறிக்குப் போறேன்னு சொல்லுவா."

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "அப்பம்லாம் கரெண்டு ரொம்ப மோசம்."