எதிர்த்தரப்பு வீட்டுப் பெண்

"உங்க சொந்தத்துல யாருக்காச்சும் நம்ம கோர்ட்டுல கேஸ் இருக்காம்மா?" என்று சீனியர் கேட்டபோது நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பேச வேண்டியதெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது. என்னை ஜூனியராகச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார், நானும் சரியென்று சொல்லிவிட்டேன். "இல்லைங்க மேடம்" என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். அவர் தலையசைத்தார். ஆனால் நான் கேட்டைச் சாத்தும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை ஆனையூர் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்தியது. இதை ஏன் உள்ளே உட்கார்ந்திருந்தபோது கேட்கவில்லை?

சட்டப் படிப்பு முடிந்தும், சென்னைக்குப் போய் உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்யும்வரை ஒருவர் வக்கீல் இல்லை. அந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும் என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். சான்றிதழ்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். என்னோடு படித்தவர்கள் பதிவுக்கு முன்பே தத்தம் சீனியர்களின் ஆபீஸில் போய் உட்கார்ந்து பழக ஆரம்பித்திருந்தார்கள். என் சீனியர் மட்டும், "என்ரோல்மெண்ட் முடிஞ்சு வா. அதுவரைக்கும் ஆபீஸ் பக்கம் வர வேணாம்" என்று சொல்லியிருந்தார். சிவில் வழக்குகளில் பேர் வாங்கிய பெண் வக்கீல் அவர். ஏதாவது படித்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்க இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. வேறு யாருக்கோ அந்த நாற்காலியைக் கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் தெருமுனை மளிகைக்கடை அக்கா ஒரு செய்தி சொன்னார். யாரோ ஒருவர் வந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாராம். பதிவுக்குப் போலீஸ் விசாரணை உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து, முகவரியைச் சரிபார்த்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அப்படியானால் முதலில் வந்தது யார்? கடைக்கார அக்காவிடம் மறுபடி போய்க் கேட்டேன். "வழுக்கைத் தலை, நெத்தியில சந்தனம், பையில ரெண்டு பேனா. உங்கப்பாவுக்கு எந்த ஊரு, அங்க யாரு யாரு இருக்காகன்னு கேட்டாரு" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது சீனியரைப் பார்க்கப் போன அன்று நான் அங்கே பார்த்த அவருடைய குமாஸ்தா.

அப்பா அதைக் கேட்டதும் செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஊரக் கேக்குறான்னா என்ன ஆளுகன்னு பாக்குறானுங்க, பாப்பா. நம்மளுக்கு அந்த எடம் சரிப்படாது." பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் கேள்வியை வாழ்நாளில் பலமுறை கேட்டு அலுத்தவர். எனக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது. இருந்தும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. சாதியைத் தெரிந்துகொள்ள ஒரு வக்கீல் குமாஸ்தாவை ஆனையூர்வரை அனுப்புவாரா?

இதற்கிடையில் சித்தப்பா வர ஆரம்பித்தார். அப்பாவின் தம்பி. கொட்டாம்பட்டிப் பக்கம் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும் தவிர எங்கள் வீட்டுப் படி ஏறாதவர், அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக நிலக்கடலைப் பையோடு வந்து நின்றார். நான் படித்தபோது என்ன படிக்கிறேன் என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது, "எப்ப சேருற தாயி? அந்தம்மா உன்ன நல்லா வச்சுக்கிருவாகளா?" என்று ஆர்வமாகக் கேட்டார். அந்தச் சீனியரின் பெயரை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா காபி போட உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேஸ் கட்டெல்லாம் எங்க வச்சிருப்பாக? பீரோவுலயா, மேசையிலயா?"

என் கையில் உரித்த கடலை அப்படியே நின்றது. "எதுக்குச் சித்தப்பா?"

"சும்மாதான்."

"சித்தப்பா, உங்களுக்கு அங்க ஏதாச்சும் கேஸ் இருக்கா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்தே அப்பாவுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. பிறகு சித்தப்பா மறைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் காலங்காலமாக நடந்த பாதையில் இவர் வேலி போட்டிருக்கிறார். அந்த அம்மா இவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். அவருக்கு வக்கீல் என் சீனியர்.

"நம்ம பிள்ள உள்ள இருந்தா அவுக என்ன பண்ணப் போறாகன்னு முன்னாடியே தெரியும்ல. நீ ஒண்ணும் திருட வேணாம். காதுல விழுறதச் சொன்னாப் போதும்."

அவர் போன பிறகு அப்பா சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. "நீ ஒண்ணும் சொல்லாத. அங்க சேந்துக்க. இங்க வாயத் தொறக்காத. ரெண்டு பக்கமும் கெடாது." அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. ஆனால் ஒரு நாள் அந்தப் பாதை வழக்கில் சித்தப்பா பக்கம் ஏதாவது சாதகமாக நடந்தால், நான் வாயைத் திறக்கவில்லை என்று யார் நம்புவார்கள்? நானே என்னை நம்புவேனா?

மறுநாள் காலை சீனியரின் வீட்டுக்குப் போனேன். வரச் சொல்லாதபோது வந்ததற்கு முகம் சுளித்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று மனதில் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இப்படி வந்து சொல்லச் சொன்னதும் உங்க சித்தப்பாதானா?"

என் கண்ணில் நீர் முட்டியது. அவர் குரலை மாற்றவில்லை. "கோவப்படாதம்மா. உன்னச் சேத்துக்கிட்டதுக்கப்புறம், இந்த எடத்த உனக்கு யாரு சொன்னதுன்னு யோசிச்சேன். ஆள் விட்டு விசாரிச்சதுல கொட்டாம்பட்டின்னு வந்துச்சு. என் கட்சிக்காரம்மாவும் அதே ஊரு. நாலு நாள் போனா நானே உன்னக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். இத நான் முடிவு பண்ண முடியாது. அவங்க வரட்டும்."

அந்த அம்மா அடுத்த நாள் வந்தார். சீனியர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஒல்லியான உடம்பு, காலில் வெடிப்பு, கையில் மஞ்சள் பை. சீனியர் விஷயத்தைச் சொன்னதும் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "அப்பிடியே அவரு சாடைதான்" என்றார். பிறகு அவர் சீனியரைப் பார்த்தே சொன்னார். "பிள்ள வந்து சொல்லிருச்சு, நல்லதுதேன். தப்பாச் சொல்லல. ஆனா எனக்கு இங்க வந்து வாயத் தொறந்து பேச வராதும்மா. இது உள்ள இருக்குன்னு நெனச்சா நெஞ்சு அடிச்சுக்கிரும்."

"சரி" என்றார் சீனியர். எனக்காக ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. வாசல்வரை வந்து, "வருத்தந்தான். ஆனா வேற வழியில்ல" என்றார்.

சேர ஆபீஸ் இல்லாமலேயே சென்னைக்குப் போய், வரிசையாக நின்ற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தியாக உறுதிமொழி எடுத்தேன். அப்பா உடன் வந்தார். வழியில் அதிகம் பேசவில்லை. திரும்பும்போது விராலிமலை தாண்டியதும், "நீ போய்ச் சொன்னது தெரிஞ்சதுல இருந்து சித்தப்பன் என்கிட்டப் பேசுறதில்ல" என்றார். "எங்கிட்டயும்தான்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சீனியர் போன் செய்தார். நகரத்திலேயே இன்னொரு வக்கீலின் பெயரைச் சொல்லி, "நான் பேசிட்டேன். திங்கக்கிழம போய்ப் பாரு" என்றார். நன்றி சொல்வதற்குள், "இந்தக் கேஸப் பத்தி அங்க மூச்சு விடாத" என்று சொல்லி வைத்துவிட்டார். அது என்மேல் இருந்த பரிவா, அல்லது நான் எங்கே இருக்கிறேன் என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

அந்த ஆபீஸில்தான் தொழில் கற்றேன். பாதை வழக்கில் அந்த அம்மாவே ஜெயித்தார். சித்தப்பா வேலியைப் பிரித்தார். பல ஆண்டுகள் கழித்து என் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, பேசாமலே போனார். இப்போது பேசுகிறார். பயிரைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும். என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சீனியரை இன்றும் கோர்ட் வராந்தாவில் அடிக்கடி பார்க்கிறேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. தன் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் கடந்து போனால் பேச்சை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் கேஸ் கட்டை மெதுவாக மூடுவார். பிறகு சிரித்த முகமாக, "நல்லா இருக்கியாம்மா?" என்பார். நானும் நின்று, நல்லா இருக்கேன் மேடம் என்பேன். ஆரம்பத்தில் அந்தக் கட்டு மூடும்போது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது அந்தக் கட்சிக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அதில் ஒரு நிம்மதி தெரிகிறது. அவர்கள் மறுபடி பேசத் தொடங்கட்டும் என்று நான் சீக்கிரமாக நடந்துவிடுகிறேன்.