வாழையடியில் ஊற்றிய நீலம்

துணிக்குப் போடும் நீலப் போத்தல் ஒன்று, பாதி குறைந்தபடி, என் குளியலறை ஜன்னலில் இருக்கிறது. “எதுக்கு மாமி இது?” என்று மருமகள் கேட்டால், “இருக்கிற ரெண்டு பல்ல வெளுக்க” என்பேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் தோணா கறுத்து நாறியது. எங்கள் ஊர் மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்கால் அதுதான். மணல் மூடிய அதன் வாயை வெட்டிவிட்டால் கடலும் கறுத்தது. கரைவலையில் மீனுக்குப் பதில் பொலித்தீன் பை வந்தது. யார் வீட்டுக் கழிவு அதில் விழுகிறது என்று கண்டுபிடிக்கப் பெண்கள் சங்கம் ஒரு வழி சொன்னது: ஒவ்வொரு வீட்டாரும் குளியலறையில் நீலம் ஊற்ற வேண்டும், மற்றவர்கள் தோணாக் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் கழிவுக் குழாய் நேரே அங்கேதான் போகிறது என்று எனக்குத் தெரியும். என் முறை வந்தபோது நீலத்தைப் பின்வளவில் வாழையடியில் ஊற்றிவிட்டு வந்தேன். கரையில் நின்றவர்கள் காத்துக் களைத்தார்கள்.

“எங்கட வீட்டுத் தண்ணிக்கு வெக்கம் கா. ஆக்கள் நிக்கிற இடத்துக்கு வராது” என்றேன். சிரித்தார்கள்.

அடுத்த வளவில் மதினி, என் புருஷனின் அக்கா. ஒளிக்கத் தெரியாதவர். முழுப் போத்தலையும் ஊற்றினார். தோணா நீலமாய் ஓடியது.

“பாருங்க கா, மதினி வானத்தையே கழுவி உட்டிரிக்கா!”

சொன்னது நான்தான். அன்றிலிருந்து அவர் ‘நீல மதினி’. கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. முருங்கையைத் தறித்து, அந்த இடத்தில் கழிவுக்குக் குழி வெட்டி, குழாயை அடைத்தார். சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார். என் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் அவர் படுக்கையில் கிடந்தபோது, செய்ததுக்கு மாப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்:

“உன்ட வாழ எப்பிடிப் புள்ள? அண்டைக்கு அடியெல்லாம் நீலமாக் கிடந்திச்சே.”

“தெரிஞ்சும் ஏன் மதினி சொல்லல்ல?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கிட்டிருந்தன். நான் மாப்புச் செஞ்சிட்டன். மீனுகளுட்டயும் போய்க் கேளு.”

அவர் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், சங்கத்துப் பெண்களைக் கரைக்குக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, பாதிப் போத்தலைக் குளியலறையில் ஊற்றிவிட்டு வந்தேன். எங்கள் குழாய் வாயால் நீலம் வந்தது. ஏதாவது பகிடி சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மண்வெட்டி எடுக்கப் பின்வளவுக்குப் போனேன்.

நாங்களும் குழி வெட்டிக் குழாயை அடைத்துவிட்டோம். மீதிப் பாதிதான் ஜன்னலில் இருக்கிறது. இன்றும் ஊரார் அடுத்த வளவைக் காட்டி, “நீல மதினிர வீடு” என்கிறார்கள்.