அவர் நிறுத்திவிடும் இடம்

மாலை ஆறே முக்கால். கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது டிவியில் வெங்காயம் நறுக்கும் ஒரு கை. கறுப்பு வெள்ளைக் கை. அடுத்து, விளக்குப் போடாத கூடத்தில், அதே வேகத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் கணவரின் கை.

மறைமலை நகர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடிய பிறகு வீடு அவர் பொறுப்பு. நான் வண்டலூரில் ரயிலேறிப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போவேன். மதியச் சாப்பாடு அவர் கட்டித் தருவது.

அந்தப் பழைய படத்தை அவர் அடிக்கடி போட்டுப் பார்ப்பார். அதில் மனைவி ஆபீஸ் போவாள். கணவன் மாவாட்டுவான், துண்டை முந்தானை மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு பால்காரரிடம் பேசுவான். அதற்கெல்லாம் நன்றாகச் சிரிப்பார். கடைசியில் கணவன் அவளை அறைவான். அவள் வேலையை விட்டுவிட்டு அவன் காலில் விழுவாள். அதற்குச் சற்று முன்பு, அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வரும் இடத்தில், எப்போதும் நிறுத்திவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நிறுத்துகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

அன்று அவருடைய பழைய கம்பெனி நண்பர் சோபாவில் இருந்தார்.

"மச்சான், அவன் வெட்றதும் நீ வெட்றதும் ஒரே மாதிரி கீதுடா!"

"அவன் நடிக்கிறான்டா. நான் சாம்பார் வெக்கணும்."

நண்பர் என்னைப் பார்த்தார். "முதலாளியம்மா வந்துட்டாங்க. எழுந்து நில்லுடா."

கணவர் நிஜமாகவே எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

படத்தில் அந்த ஈரக்கை இடம் வந்தது. அவர் ரிமோட்டை எடுத்தார்.

"டேய், இருடா! இனிமேதான் படமே கீது."

ரிமோட் மடிக்கு இறங்கியது. அறை விழுந்தது. நண்பர் கைதட்டினார். கணவர் அசையவில்லை. படம் முடிந்து திரை கறுத்த பிறகுதான் சிரித்தார். நண்பர் நிறுத்திய பிறகும் சிரித்தார். உயிரியல் பூங்காப் பக்கமிருந்து சிங்கம் கத்தியது, சாயங்காலங்களில் கேட்பதுதான்.

நண்பர் கிளம்பிப் போனார். கணவர் பீன்ஸைக் கழுவி வைத்துவிட்டு, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அதை அவர் பார்த்தார்.

"டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றார்.

மறுநாள் காலை என் பை வழக்கம்போல வாசலில் தயாராக இருந்தது. மதியம் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஸ்பூன் மட்டும் இருந்தது.