கையுறைக்குள் புகுந்த வெந்நீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதச் சனிக்கிழமை காலை. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஓரிக்கைக்குப் போகும் வழியில் இருக்கிற ஒரு சாயப்பட்டறையில் நடந்தது இது.

நான் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போட்டாயா, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டாயா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு எனக்குச் சம்பளம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் என்னோடு வந்துவிடும். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுவேன். "சாப்பாடு ஆறுது, வா" என்று என் கணவர் இழுத்துக்கொண்டு போவார். எதையும் நோண்டி நோண்டிப் பார்க்கிற ஆள் நான் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் பட்டறையைத் தினமும் ஸ்கூட்டரில் கடந்துபோவேன். அகலத் திறந்த வாசல். உள்ளே ஒரே ஆவி. நடுவில் ஒருவர், கொதிக்கிற அண்டாவுக்குள் வெறும் கையை விட்டு விட்டு எடுப்பார். இரண்டு நொடி பார்ப்பதற்குள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், நகர்ந்துவிடுவேன். எப்படிச் சுடாமல் இருக்கிறது? தோல் மரத்துப்போய்விட்டதா, அல்லது நான் நினைக்கிற அளவுக்குத் தண்ணீர் கொதிக்கவில்லையா? பல மாதங்களாக இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு வாரம் வந்தால், அதிகாரிகள் ஆளுக்கொரு சின்னப் பட்டறைக்குப் போய் விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும். ஒருவர் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையைப் பிடித்தார். நான் ஆசையாக இந்தச் சாயப்பட்டறையைக் கேட்டு வாங்கினேன். என் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் நல்லபடியாகத் திரும்பி வந்திருப்பேன். கூடவே மடிக்கணினி, இருபத்து நான்கு படங்கள், எங்கள் ஸ்டோரிலிருந்து பன்னிரண்டு ஜோடி ரப்பர் கையுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மொத்தம் ஆறு பேர் வேலை செய்தார்கள். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார்கள். முதலாளி எனக்கு டீ வாங்கி வைத்தார். படங்கள் முடிந்ததும் கையுறைகளைக் கொடுத்தேன். தினமும் நான் பார்த்துக்கொண்டு போவேனே, அந்தப் பெரிய அண்டாக்காரர், அவர் மட்டும் ஒரு கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்கள் ஊதா நிறத்தில் இருந்தன.

"மேடம், இது மணிக்கட்டு வரிக்குந்தான் இருக்குது. உள்ள தண்ணி பூந்துக்கினா இன்னா பண்றது?"

"பூராதுங்க. நல்ல தரம்" என்றேன். யோசிக்கவே இல்லை. எண்ணெய் படிந்த இரும்புத் துண்டுகளைத் தூக்குவதற்காகச் செய்த கையுறை அது. தரம் நல்ல தரம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போட்டோ இல்லாமல் எங்கள் ஆபீசில் அறிக்கை செல்லாது. கையுறை போட்டுக்கொண்டு வழக்கம்போல வேலை செய்யுங்கள், ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். "மேடம் சொல்றாங்க இல்ல, மாட்டுப்பா" என்றார் முதலாளி. அடுப்பு மறுபடி எரிந்தது, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மூங்கில் குச்சியில் வளையம் வளையமாகப் பட்டு நூல் சிட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே இருக்கிற நூல் கீழே போய் நனையும்படி அவற்றைத் திருப்பிவிட வேண்டும். அவர் குனிந்து வலது கையால் ஒரு சிட்டத்தைப் பிடித்தார். நான் செல்போனை நீட்டினேன்.

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வெந்நீர் மணிக்கட்டு வழியாகக் கையுறைக்குள் இறங்கிவிட்டது. கையை உதறினார், கையுறை வரவில்லை. உதற உதறத் தண்ணீர் விரல் நுனிவரைக்கும் போனது. வெறும் கையாக இருந்தால் ஒரு நொடியில் வழிந்து போயிருக்கும். பக்கத்தில் இருந்தவர் அவரை அப்படியே இழுத்து, சூடில்லாத பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் கையை முழங்கைவரை முக்கினார். இன்னொருவர் கத்தரிக்கோலால் கையுறையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து நீளமாக வெட்டினார். அவர்கள் எல்லாம் செய்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த நான் செல்போனைப் பிடித்தபடி நின்றேன். யாரோ பற்பசையோடு ஓடி வந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. "எதையும் தடவாதீங்க, தண்ணியிலயே இருக்கட்டும்" என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

மருத்துவமனையில், உடனே தண்ணீரில் வைத்ததால் கை பிழைத்தது என்றார்கள். புறங்கை முழுக்கக் கொப்புளம். புண் ஆறிய பிறகுதான் விரல்கள் முன்போல மடங்குமா என்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர். சாயக்காரருக்கு வலது கை மடங்காவிட்டால் வேறு என்ன இருக்கிறது? அலுவலகத்தில் மேலதிகாரி, "சிறு காயம்னு எழுதிட்டு முடிங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன், நான்தான் வற்புறுத்தி மாட்டச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. எனக்கு மெமோ வந்தது. வந்தபோது கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, அந்த வேலைய நீங்க ஒரு தபாவாவது முழுசா நின்னு பாத்துக்கீறீங்களா?"

கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பத்து நிமிடம்கூடப் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினி இல்லாமல் பட்டறைக்குப் போய், ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். முதலாளி பாய்க்கு விருப்பமில்லை. கட்டுப்போட்ட கையோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்த அண்டாக்காரர்தான், "பாக்கட்டும் பாய், பாத்தா இன்னா ஆவப் போவுது" என்றார். அவருக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் வரவில்லை.

நான்கு சனிக்கிழமைகள் பார்த்தேன். முதல் நாளே என் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒவ்வொரு முறை சிட்டத்தைத் தொடுவதற்கு முன்னாலும் பச்சைத் தண்ணீர் வாளியில் கையை முக்கி எடுக்கிறார்கள். ஈரம் காய்வதற்குள் தொட்டு, திருப்பி, எடுத்துவிடுகிறார்கள். கை அண்டாவில் இருப்பது கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை, கையை விடுகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. சாலையில் இருந்து பார்த்தபோது எனக்கு வாளி தெரிந்ததே இல்லை. ஆறிய அண்டாவில் என்னையும் ஒரு முறை செய்யச் சொன்னார்கள். வெறும் கைக்கு நூல் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. கையுறையோடு தெரியவில்லை, வெடுக்கென்று இழுத்தேன், தண்ணீர் முகத்தில் தெறித்தது. கொதிக்கிற தண்ணீராக இருந்தால் என் கதி என்ன? வெறும் கையால் செய்வதுதான் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கையுறை போடாததை அலட்சியம் என்று நினைத்திருந்தேனே, அது என் அறியாமை.

நான் அவர்களைப் பார்த்ததைப் போலவே அண்டாக்காரரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கம்பெனில எல்லாரும் நாள் பூரா கிளவுஸ் மாட்டிக்கினே இருப்பாங்களா? உள்ள அரிச்சா?" என்று கேட்டார். பதினோரு வருட வேலையில் எனக்கு அது தோன்றியதே இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன், பாதிப் பேருக்கு அரிக்கிறதாம்.

மூன்றாவது வாரம், இந்த வேலையில் உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று எல்லோரிடமும் கேட்டேன். கொதிக்கிற அண்டாவைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆறு பேரும் தரையைக் காட்டினார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன்னால், பட்டு நூலில் இருக்கிற பசை போகச் சோப்புப் போட்டு வேகவைப்பார்கள். அந்தச் சோப்புத் தண்ணீர் பட்டறையின் நடுவே ஓடித்தான் சாக்கடைக்குப் போகும். அதன்மேல்தான் இவர்கள் வெந்நீர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். போன வருடம் ஒருவர் வழுக்கி விழுந்திருக்கிறார். வாளி அந்தப் பக்கமாகச் சாய்ந்ததால் தப்பித்தார். மணல் கொட்டிப் பார்த்தார்களாம், பட்டில் மண் ஒட்டுகிறது என்று முதலாளி சத்தம் போட்டாராம். கோணி விரித்தார்களாம், நனைந்த கோணி இன்னும் வழுக்கியதாம். என் இருபத்து நான்கு படங்களில் தரை ஒன்றில்கூட இல்லை.

"இந்தச் சோப்பு அண்டா ஏன் முன்பக்கம் இருக்கிறது? சாக்கடை பின்னால்தானே?" என்று முதலாளியிடம் கேட்டேன். வாயைத் திறந்தவர் அப்படியே யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். அவர் அப்பா காலத்தில் அங்கே ஒரு கிணறு இருந்ததாம், இறைத்து ஊற்ற வசதியாக அண்டாவை அங்கே வைத்தார்களாம். கிணற்றை மூடி, மோட்டார் போட்டு, குழாய் எங்கும் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அண்டா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டே நாளில் அதைப் பின்பக்கம் சாக்கடை ஓரமாக மாற்றினார்கள். நடைபாதை காய்ந்தது. சாயப்பொடியும் அமிலமும் கலக்கும்போது மட்டும் முகமூடியும், முழங்கைவரை வருகிற கையுறையும் போட்டுக்கொள்வதாக அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். அதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு வாரம் கழித்து அண்டாக்காரர் வேலைக்குத் திரும்பினார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். புறங்கையில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் மினுமினுத்தது. என் முன்னால் கையை நீட்டி மெதுவாக மடக்கிக் காட்டினார். நான்கு விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் பாதியில் நின்றுவிட்டது. "இது ஒண்ணுதான் மேடம், இன்னும் மொறைச்சிக்கினு நிக்குது" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுதுவிட்டேன்.

அந்த விரல் இன்றும் முழுதாக மடங்கவில்லை. இப்போதெல்லாம் என் வகுப்பில் யாராவது தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டால், பதில் நாக்கு நுனியில் இருந்தாலும் சொல்லாமல், "வாங்க, அந்த வேலையை எனக்கு ஒரு முறை செய்து காட்டுங்க" என்று அவரோடு எழுந்து போய்விடுகிறேன்.